கடைசிப் பெட்டி

“பூஜ்யம்!” என்று கத்தியபடி நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான் கிளி. “பாஸ், பூஜ்யம்! பரீட்சையில வாங்கினப்போ இதோட அருமை தெரியல.”

நான் கையைக் காட்டி அவனை அடக்கினேன். போனில் பல்லக்கா பேசிக்கொண்டிருந்தாள்.

“மேடம், ஃபர்னஸ் போட்டுட்டேன். இது ஓடினா வீட்ல வேற எதுவும் ஓடக்கூடாது. ஃப்ரிட்ஜ், ஃபேன், பெட்டி எல்லாத்தையும் பிடுங்கிட்டு வேர்வையில உக்காந்திருக்கேன். அங்க என்ன சத்தம்?”

“நல்ல சத்தம்தான். பூஜ்யம் ஆயிடுச்சாம்.”

“நேத்தும் ஆச்சு மேடம்,” என்றாள். “மறுபடி முளைச்சுது.”

நான் போனை வைத்தேன். கீழே ஜெராக்ஸ் கடையில் இயந்திரம் ஓடத் தொடங்கியதால் எங்கள் துப்பறியும் ஆபீஸின் மேசை மெல்ல அதிர்ந்தது. திரையில் இருந்த அந்தப் பூஜ்யமும் அதிர்வது போலிருந்தது.

பல்லக்கா ஆஸ்பத்திரிகளுக்குப் பல் கேப் செய்து கொடுக்கிறவள். வீட்டின் பின்னறையில் வைத்து மெழுகில் பல் செதுக்குவாள், பீங்கான் பூசுவாள், ஃபர்னஸில் வைத்துச் சுடுவாள். மகளின் தோழிகள் வைத்த பெயர் அது. அந்தப் பெயரைத் தவிர வேறு பெயரில் வாழ அவளுக்குத் துணிச்சல் இல்லை. மகளின் அப்பன் இரண்டு வீடுகளைக் கண்டுபிடித்து வந்துவிட்டான். இரண்டாவது முறை வந்தபோது அவளுடைய வலது மணிக்கட்டை ஒடித்துவிட்டுப் போனான். ‘எந்தக் கையால சம்பாதிச்சு என்னை விட்டுப் போனியோ அந்தக் கை’ என்று சொல்லிவிட்டுத்தான் ஒடித்தான்.

இப்போது இருப்பது மூன்றாவது வீடு. அதன் விலாசம் ‘விழுது’வில் கிடந்தது.

விழுது ஒரு வலைத்தளம்; அதற்கு முதலாளி இல்லை. உறுப்பினர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் சோப்புப் பெட்டி அளவில் ஒரு பெட்டி. ஒருவர் எழுதுவதை மற்றவர்களின் பெட்டிகள் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். ஆலமரத்தின் நடுமரம் செத்தாலும் விழுதுகள் தாங்குவதைப் போல. யார் எழுதினார், யார் பெட்டியில் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. ஒரு செய்தி இப்போது எத்தனை பெட்டிகளில் இருக்கிறது என்ற எண் மட்டும், செய்தியைத் திறக்காமலே, அதன் ஓரத்தில் தெரியும்.

எழுதியது அவளுடைய அம்மா. பேத்திக்குப் பவர் கண்ணாடி செய்து வாங்கி, ‘அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது இந்த விலாசத்தில் சேர்த்துவிட முடியுமா’ என்று மகள் பெயர், தெரு, வாசல் நிறம்வரை எழுதிப் பொதுவில் போட்டுவிட்டார். யாரோ முகம் தெரியாத ஒரு புண்ணியவான் காசு வாங்காமல் கொண்டுவந்து கொடுத்தும் விட்டார். எழுதினவர் நினைத்தால் அதைத் திரும்பப் பெறலாம். அதற்குப் பாஸ்வேர்டு போன்ற சாவிச் சொற்கள் வேண்டும். அம்மா அவற்றை மாத்திரை அட்டையின் பின்னால் எழுதி வைத்திருந்தார். மாத்திரை தீர்ந்ததும் அட்டை குப்பைக்குப் போய்விட்டது.

போலீசுக்கும் போனோம். “இந்தக் கம்பெனி ஹெட் ஆபீஸ் எங்க?” என்று அதிகாரி பேனாவைத் திறந்தார். “மழைக்கு ஹெட் ஆபீஸ் எங்கன்னு கேக்கறீங்க சார்,” என்றான் கிளி. அதிகாரி பேனாவை மூடிவிட்டார்.

ஆகவே ஒரே வழிதான் இருந்தது. வைத்திருப்பவர்கள் தாங்களாகவே அழிக்க வேண்டும். பெயர் சொல்லாமல் விழுதுவிலேயே கெஞ்சி எழுதினோம். மனிதர்கள் நல்லவர்கள். எண் மளமளவென்று இறங்கியது. ஆனால் கடைசி ஒன்று மட்டும் போவதும் வருவதுமாக ஆட்டம் காட்டிக்கொண்டிருந்தது.

“யாரோ ஒருத்தர் பெட்டியைப் போட்டு, அணைச்சு, போட்டு விளையாடறார் பாஸ்,” என்றான் கிளி. “நடுவுல ஒரு தடவை ரெண்டுன்னுகூடக் காட்டிச்சு. கண்ணைக் கசக்கிட்டுப் பார்த்தா ஒண்ணு. ராத்திரி தூங்காத குறைன்னு விட்டுட்டேன்.”

“அழிக்க மாட்டேன்னு சொன்னது யாரு?”

“ஒரே ஒரு ஆள். மீன்தொட்டிக் கடை. ‘விழுதுவில் எதையும் அழிப்பது பாவம்’னு நமக்குப் பதில் எழுதி, கீழ தன் கடைப் பேரையும் போட்டிருந்தாரே. ஒளிஞ்சுக்கற ஊர்ல விசிட்டிங் கார்டு நீட்டின ஒரே மனுஷன்.”

“கிளம்பு.”

கிளி முன்பு ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தில் போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவன். எட்டு வருஷம் மற்றவர்களின் கோபத்தைத் தேன் தடவிய குரலில் வாங்கியவன். படி இறங்கும்போது அந்தக் குரலில் சொன்னான்: “உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். துரதிருஷ்டவசமாக, ‘எங்களுக்கு’ என்று யாரும் இல்லை.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாத வழக்கு எனக்குப் புதிது. திட்டுவதற்காவது ஒருவன் இருந்தால் மனசுக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

மீன்தொட்டிக் கடைக்குள் பகலிலும் நீல வெளிச்சம். சுவர் முழுக்கத் தொட்டிகள், காற்றுக்குழாய்களின் இடைவிடாத குமிழிச் சத்தம். தொட்டிக்காரர் கையில் சின்ன வலையோடு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மீசையில்லாத, உப்பிய, அன்பான முகம். இவரைச் சந்தேகப்படுவதற்கு எனக்கு முயற்சி தேவைப்பட்டது.

“அழிக்கச் சொல்லிக் கேட்டவங்க நாங்கதான்,” என்றேன்.

“தெரியும்மா. மீன் வாங்க வர்றவங்க மீனைப் பார்ப்பாங்க. நீங்க ஸ்விட்ச் போர்டைப் பார்க்கறீங்க.”

கிளி ஒரு தொட்டிமுன் குனிந்தான். “இது ஏன் சார் என்னையே முறைக்குது?”

“அதுக்கு இமை கிடையாது தம்பி. பார்க்காம இருக்க அதுக்குத் தெரியாது.”

“எங்க பாஸ் மாதிரி.”

நான் அவனை முறைத்தேன். பிறகு தொட்டிக்காரரிடம், “ஒரு பொண்ணோட உயிர் சம்பந்தப்பட்டது. நீங்க பிடிவாதம் பிடிக்கிறதா நினைச்சு வந்திருக்கோம்,” என்றேன்.

அவர் வலையைத் தொட்டியின் விளிம்பில் மாட்டினார். “என் சொந்த ஊர் ஆத்துல சாயத் தண்ணி விட்டாங்கம்மா. மீனெல்லாம் வெள்ளையா மிதந்துது. குழந்தைங்களுக்கு உடம்பெல்லாம் கொப்புளம். நாங்க எடுத்த போட்டோ ஒவ்வொண்ணையும் மில்லுக்காரங்க எல்லா இடத்துலயும் எடுக்க வெச்சாங்க. ஒரு போன் போட்டாப் போதும், காணாமப் போயிடும். விழுதுவில மட்டும் யாருக்குப் போன் போடறதுன்னு அவங்களுக்குத் தெரியல. அந்தப் போட்டோவை வெச்சுத்தான் கேஸ் ஜெயிச்சோம். இன்னைக்கு இரக்கப்பட்டு ஒண்ணை அழிச்சா, நாளைக்கு அதட்டி ஒண்ணை அழிக்க வைப்பாங்க. அதான் எழுதினேன்.”

“அப்போ உங்ககிட்ட இருக்கு.”

“இல்ல.” அவர் குரல் தாழ்ந்தது. “எழுதி அனுப்பிட்டுச் சாப்பிட உக்காந்தேன். சோறு இறங்கல. எனக்கும் தங்கச்சி இருந்தா. அன்னைக்கே அழிச்சிட்டேன். கொள்கை வேற, தொண்டை வேறயா இருக்கு.”

அலமாரிக்குக் கீழே, மீன் தீவன டப்பாக்களுக்கு நடுவே இருந்த பெட்டியைக் காட்டினார். அதன் உள்ளடக்கத்தைப் போனில் விரித்தார். ஆற்றுப் படங்கள், மீன் வளர்ப்புக் குறிப்புகள், யாரோ ஒருவர் பாடிய தாலாட்டு. பல்லக்காவின் விலாசம் இல்லை.

“போச்சு,” என்றான் கிளி. “இருந்த ஒரே வில்லனும் நல்லவராயிட்டார்.”

“ஒண்ணு கேக்கணும்,” என்றேன். “பூஜ்யம் ஆனது எப்படி மறுபடி முளைக்குது?”

“பூஜ்யம்னா அழிஞ்சுதுன்னு அர்த்தமில்லம்மா. அணைஞ்ச பெட்டி கணக்குல வராது. வெச்சிருக்கறவங்க எல்லாரும் தூங்கறாங்கன்னு அர்த்தம். முழிச்சா மறுபடி எண்ணும்.”

“எத்தனை நாளைக்கு இப்படி?”

“பார்க்கற வரைக்கும். யாராவது ஒரு தடவை தொறந்து பார்த்தாலே அவங்க பெட்டியில ஒரு பிரதி ஒட்டிக்கும். அப்புறம் தொறக்காம விட்டா கொஞ்ச நாள்ல அதுவா உதிர்ந்துடும். தொறக்கத் தொறக்க உயிர் நீளும். படிக்கிறவன் இருக்கற வரைக்கும் வாழணும்னுதான் அப்படிச் செஞ்சாங்க. எவ்வளவு அழகான யோசனை, இல்ல?”

அழகான யோசனைதான். அந்தக் குமிழிச் சத்தத்துக்கு நடுவே நின்று நானும் அதை நினைத்துப் பார்த்தேன். மனசும் ஏறக்குறைய அப்படித்தான் வேலை செய்கிறது. எடுத்து எடுத்துப் பார்க்கிற காயம்தான் ஆறாமல் இருக்கிறது.

அப்போது என் போன் சிணுங்கியது. பல்லக்கா ஒரு படம் அனுப்பியிருந்தாள். வெள்ளைத் தட்டில் மூன்று பல் கேப்கள், பால்போல. ‘முதல் சுடல் நல்லா வந்திருக்கு மேடம். இன்னும் ஒரு சுடல்தான் பாக்கி.’

“பாஸ்,” என்றான் கிளி, தன் போனைப் பார்த்தபடி. “வந்துட்டார். ஒண்ணு.”

நான் பல் படத்தைப் பார்த்தேன். கிளியின் போனைப் பார்த்தேன். மறுபடி பல் படத்தைப் பார்த்தேன்.

“காலையில அவ ஃபர்னஸ் போட்டப்போ பூஜ்யம்,” என்றேன்.

“ஆமா.”

“இப்போ ஃபர்னஸ் அணைச்சிட்டா. ஒண்ணு.”

கிளியின் வாய் திறந்தபடியே நின்றது. அவனுடன் வேலை செய்யும் இத்தனை காலத்தில் அந்த வாயிலிருந்து எதுவும் வராமல் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“ஃபர்னஸ் போட்டா பெட்டியைப் பிடுங்கணும்,” என்றேன். “ஊரெல்லாம் கெஞ்சினோம் கிளி. ஒருத்திகிட்ட மட்டும் கேக்கல.”

பல்லக்காவின் வாசல் கதவு அம்மா எழுதியிருந்தபடியே பச்சை. தட்டியதும் திறக்கவில்லை. துவாரத்தில் ஒரு கண் வந்தது, பிறகு மூன்று தாழ்ப்பாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகின.

பின்னறை சூடாக இருந்தது. மேசை முழுக்க யார் யாருடையதோ வாய்களின் சாந்து அச்சுகள். வலது மணிக்கட்டில் பட்டி கட்டியிருந்தாள். மூலையில் ஃபர்னஸ். அதன் பக்கத்திலேயே, ஒரே பிளக் பாயிண்டைப் பங்கு போட்டுக்கொண்டு, விழுதுப் பெட்டி.

“எண்ணைப் பாரு கிளி. அக்கா, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் பிடுங்குங்க.”

பிடுங்கினாள்.

“பூஜ்யம்,” என்றான் கிளி.

“போடுங்க.”

போட்டாள். சின்னப் பச்சை விளக்கு எரிந்தது.

“ஒண்ணு.” அவன் குரலில் விளையாட்டே இல்லை.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்துகொள்ள அவளுக்கு நேரம் ஆனது. புரியத் தொடங்கிய இடம் எனக்குத் தெரிந்தது. கை தானாக மணிக்கட்டுப் பட்டியைப் பிடித்துக்கொண்டது.

“நான் போயிடுச்சான்னு பார்க்கத்தான் தொறந்தேன்,” என்றாள். “எண் பூஜ்யம்னு காட்டினாலும் மனசு நம்பல. பெட்டியை மாட்டித் தொறந்து பார்த்தா என் விலாசம் நிக்கும். மூடிடுவேன். பாப்பாவை ஸ்கூல் வேன்ல ஏத்திட்டு வந்து மறுபடி பார்ப்பேன். தூங்கறதுக்கு முன்னாடி பார்ப்பேன். எங்க அண்ணன்தான் இந்தப் பெட்டியை மாட்டிட்டுப் போனான், பார்த்தா ஒட்டிக்கும்னு சொல்லவே இல்லையே. கதவு பூட்டியிருக்கான்னு பார்க்கற மாதிரிதானே பார்த்தேன்?”

“பாக்கறதுக்கு ஒரு தப்பும் இல்ல அக்கா. எங்க தொழிலே அதான்,” என்றான் கிளி மென்மையாக. “எங்க பாஸ் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில யார் யாரைப் பார்க்கலன்னுதான் பார்ப்பாங்க.”

அவள் சிரிக்க முயன்றாள். நான் அவளைக் கடிந்துகொள்ளும் சொற்களைத் தயாராக வைத்திருந்தேன். அவை எனக்குள்ளேயே கரைந்தன. பயத்துக்குக் கண் மட்டும்தான் உண்டு. அந்தக் கண்ணை மூடு என்று பயந்தவளிடம் யார் சொல்ல முடியும்?

“இப்போ அழிச்சிடுங்க,” என்றேன். “அப்புறம் எக்காரணம் கொண்டும் தொறக்காதீங்க. எண்ணை நாங்க பார்த்துக்கறோம்.”

அழித்தாள். பெட்டியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிளியின் போனில் பூஜ்யம். நாங்கள் மூவரும் அந்தச் சின்ன வட்டத்தைச் சுற்றி நின்றோம். பூஜ்யமாகவே இருந்தது.

“அவ்வளவுதானா?” என்றாள்.

“கட்டணம் கட்டறவரைக்கும் அவ்வளவுதான்,” என்றான் கிளி. இந்த முறை அவள் வாய்விட்டே சிரித்தாள். சிரித்தபோது வேறொருத்தி மாதிரி இருந்தாள். தோள்கள் இறங்கின. இத்தனை நாளும் அவை காதருகே இருந்தன என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“இருங்க, கடைசிச் சுடலை வெச்சிட்டு டீ போடறேன். இதுங்க சாயந்திரத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போகணும்.” பெட்டியைப் பிடுங்கி, ஃபர்னஸைப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. தட்டை உள்ளே வைத்து மூடினாள்.

அவள் அடுப்படிக்குப் போனாள். டம்ளர்கள் மோதும் சத்தம் கேட்டது. கிளி என் முழங்கையைத் தொட்டான்.

போனில் ஒண்ணு.

அவள் பெட்டியின் பிளக் தரையில் கிடந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம்.

“நம்ம ஆபீஸ் பெட்டி?” என்றேன், சத்தமில்லாமல்.

“முதல் நாளே அழிச்சிட்டேன் பாஸ். அப்புறம் தொறக்கவே இல்ல.”

தொட்டிக்காரருக்குப் போன் செய்தேன். அவர் பெட்டியையே அணைத்துவிட்டு மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். எழுந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். “அது இன்னும் உதிரலைன்னா...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

உதிரவில்லையென்றால் யாரோ திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கிளி மெதுவாகச் சொன்னான்: “அன்னைக்கு ரெண்டுன்னு காட்டிச்சே பாஸ். அது என் தூக்கக் கலக்கம் இல்ல. இவங்க ஒண்ணு. இன்னொருத்தர் ஒண்ணு.”

“யாருன்னு கண்டுபிடிக்க முடியாதா?” என்று கேட்டபோதே எனக்கு விடை தெரியும். விழுதுவின் எந்தச் சுவரின் பின்னால் அவள் இத்தனை நாளும் ஒளிந்து பிழைத்தாளோ, வேலை வாங்கினாளோ, இந்த வீட்டைப் பிடித்தாளோ, அதே சுவரின் பின்னால்தான் அந்த இன்னொருத்தரும் இருக்கிறார். சுவருக்கு ஆள் பார்த்து நிற்கத் தெரியாது. வேலையில்லாத ஏதோ ஒரு வழிப்போக்கனாக இருக்கலாம். கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்த அந்தப் புண்ணியவான், குழந்தை நினைவாகத் திறந்து பார்க்கலாம். அல்லது மணிக்கட்டை ஒடித்த அவனாக இருக்கலாம், பச்சைக் கதவு, தெருப் பெயர், வாசல் எண் என்று திரும்பத் திரும்ப.

பல்லக்கா டீயோடு வாசலில் நின்றாள். நாங்கள் முகத்தை மாற்றிக்கொள்ளுமுன் பார்த்துவிட்டாள். எங்கள் கண்களைத் தொடர்ந்து தரையில் கிடந்த பிளக்கைப் பார்த்தாள், பிறகு போனைப் பார்த்தாள்.

“யாரு?” என்றாள்.

கிளி அந்தப் பழைய சேவை மையக் குரலில் எதையோ சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான். அவன் என்னைப் பார்த்தான். பணம் வாங்கிக்கொண்டு உண்மையைச் சொல்கிற தொழில் என்னுடையது. சொல்வதற்கு ஒரு பெயர்கூட என்னிடம் இல்லை.

“தெரியல,” என்றேன்.

அவள் டம்ளர்களைச் சாந்து வாய்களுக்கு நடுவே கீழே வைத்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. “ஃபர்னஸை நடுவுல நிறுத்தினா எல்லாம் விரிசல் விட்டுடும்,” என்றாள். “இது ஆறணும். அதுக்குள்ள பாப்பா வேன் வந்துடும். வந்ததும் கிளம்பிடறோம்.” அலமாரியின் மேலிருந்து துணிப்பெட்டி ஒன்றை இறக்கினாள். அது ஏற்கெனவே பாதி நிரம்பியிருந்தது. அவள் இந்த வீட்டில் அதை முழுதாகக் காலி செய்ததே இல்லை என்று தோன்றியது.

“வீடு?”

“விழுதுவிலதான் தேடணும். வேற எங்க போய்ப் பேர் சொல்லாம வீடு கேக்கறது?”

கிளி சாந்து அச்சுகளைச் செய்தித்தாளில் சுற்றத் தொடங்கினான். நான் வாசலுக்குப் போய்த் துவாரத்தில் கண்ணை வைத்தேன். தெரு காலியாக இருந்தது. எதிர்வீட்டில் ஒருவர் ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் ஸ்கூட்டர்தான் துடைக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். துடைத்து முடித்த இடத்தையே மறுபடி துடைப்பது போலிருந்தது. எல்லோரும் அப்படித்தான் துடைப்பார்கள் என்று சொல்லிக்கொண்டேன். கண்ணை எடுக்க முடியவில்லை.

பின்னால் பல்லக்காவின் போன் அடித்தது. அவளுடைய அம்மா. கை வேலையில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

“என்னடி, அது போயிடுச்சா? எனக்குப் பொட்டுத் தூக்கமில்ல.”

“போயிடுச்சும்மா.”

“அப்பாடி. என் வயித்துல பால் வார்த்தே. ஏதோ இழுக்கற சத்தம் கேக்குதே, என்ன பண்றே?”

“வீடு மாத்தறோம்மா. இங்க தண்ணி சரியில்ல.”

அம்மாவின் குரல் சின்னதாகிவிட்டது. “என்னாலதானே?”

“இல்லம்மா. தண்ணி.”

“இந்தத் தடவை எதுலயும் போட மாட்டேன். சத்தியமா. எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும். பாப்பாவுக்குப் பொறந்த நாள் வருது இல்ல, நானே பஸ் ஏறி வந்துடறேன்.” ஏதோ மேசை இழுப்பறையைத் திறந்து துழாவும் சத்தம் கேட்டது. “இரு, பேனா எடுத்துட்டேன். வீடு கிடைச்சிடுச்சா? புது விலாசத்தைச் சொல்லு.”

கிளியின் கையில் செய்தித்தாள் சலசலப்பது நின்றது. பல்லக்கா போனை எடுத்து ஸ்பீக்கரை அணைத்து, காதோடு அழுத்திக்கொண்டாள். ஃபர்னஸின் சிவப்பு விளக்கு அவள் கன்னத்தில் விழுந்தது.

“கேக்கலம்மா,” என்றாள். “லைன் சரியில்ல.”